அத்த அவளாண்ட குடுத்துடு

இன்று காலை சட்னி அரைக்கும்போது மிக்ஸி நின்றுவிட்டது. மோட்டார் காயில் கருகிய வாசனை சமையலறை முழுக்கப் பரவியது. இந்த வாசனையோடுதான் தினமும் ராயப்பேட்டை ரிப்பேர் கடையிலிருந்து நீங்கள் வீட்டுக்கு வருவீர்கள். நான் மூக்கைப் பொத்திக்கொள்வேன். "இன்னா டீச்சர், இதான் நம்ம அத்தரு" என்று இன்னும் கிட்டே வந்து நிற்பீர்கள். இன்று நான் ஜன்னலைத் திறக்கவில்லை.

உங்களுக்கு எல்லாவற்றுக்கும் பெயர் தெரியும். ஆர்மேச்சர், கார்பன் பிரஷ், கப்ளர் என்று திருகாணிவரை பெயர் சொல்லித்தான் கையில் எடுப்பீர்கள். தி.நகரில் வேலைக்குப் போகிற பெண்களுக்கு ஆங்கில இலக்கணம் நடத்திவிட்டு நான் திரும்பினால், "இன்னிக்கு நவுனா, வெர்பா?" என்று கிண்டல் செய்வீர்கள்.

பக்கவாதம் வந்து உங்களிடமிருந்து எடுத்துக்கொண்டது அந்த நவுனைத்தான். கை திரும்ப வந்தது, நடை வந்தது, வினைச்சொற்கள்கூட வந்துவிட்டன. ஸ்பூனைக் கையில் பிடித்துக்கொண்டு, "இது... சாப்புடுவோமே, அது" என்றீர்கள். சொல்லிவிட்டு என் முகத்தைப் பார்த்தீர்கள். அந்தப் பார்வையை என்னால் தாங்க முடியவில்லை.

அடையாறில் உங்களுக்குப் பேச்சுப் பயிற்சி கொடுத்த பெண் பொறுமையாக விளக்கினாள். "வாக்கியம் கட்டறது அவருக்குப் போகல மேடம். பேர்தான் வர மாட்டேங்குது. அதனாலதான் அது, இது, அவ, இவன்னு போட்டு சமாளிக்கறார்." பெயர்ச்சொல், பிரதிப்பெயர் என்று பலகையில் இத்தனை வருடம் கோடு போட்டுப் பிரித்துக் காட்டியிருக்கிறேன். ஒரு மனிதரின் தலைக்குள் அவை தனித்தனியாக உடைந்துபோகும் என்று நினைத்ததே இல்லை.

அந்தப் பயிற்சியிலிருந்து ஆட்டோவில் திரும்பிக்கொண்டிருந்தோம். லஸ் சிக்னலில் நிற்கும்போது என் மணிக்கட்டைப் பிடித்தீர்கள்.

"அத்த அவளாண்ட குடுத்துடு."

"எதைங்க?"

"அத்தான்."

"யார்கிட்ட?"

"அவ... வருவாளே, அவ."

கோபத்தில் தொடையில் குத்திக்கொண்டீர்கள். ஆட்டோக்காரர் கண்ணாடியில் பார்த்தார். கடையிலா, வீட்டிலா, உங்கள் தங்கையிடமா என்று ஒவ்வொன்றாகக் கேட்டேன். எல்லாவற்றுக்கும் ஆமாம் என்று தலையாட்டினீர்கள். திரும்பக் கேட்டபோது எல்லாவற்றுக்கும் இல்லை என்றீர்கள். கடைசியில் "சரிங்க, குடுத்துடறேன்" என்றேன். அப்புறம்தான் என் கையை விட்டீர்கள். மறுநாள் பக்கவாதம் இரண்டாவது முறையாக வந்தது. அதிலிருந்து நீங்கள் மீளவில்லை.

கொடு என்ற வினை வந்துவிட்டால் கொடுப்பவர் வேண்டும், பொருள் வேண்டும், வாங்கிக்கொள்பவர் வேண்டும். வகுப்பில் எப்போதும் சொல்வது. நீங்கள் விட்டுப்போன வாக்கியத்தில் எனக்குத் தெரிந்தது ஒன்றுதான்: கொடுக்க வேண்டியவள் நான்.

காரியம் முடிந்த கையோடு நங்கநல்லூருக்குப் போய் உங்கள் கைக்கடிகாரத்தைத் தங்கையிடம் கொடுத்தேன். வாங்கி நெஞ்சோடு வைத்து அழுதாள். பிறகு, "இது இல்ல அண்ணி. எனக்குன்னா நேரா என் கையில குடுத்திருப்பான்" என்றாள். திரும்பி வரும்போது ரயிலில் உட்கார இடமிருந்தும் உட்காரவில்லை. யார் இந்த அவள் என்று உங்கள்மேல் சந்தேகம்கூடப் பட்டேன். வீட்டுக்கு வந்ததும் சட்டைப்பைகளைத் துழாவினேன். கார்பன் பிரஷ் ஒன்று கிடைத்தது.

பிறகு கடையைத் திறந்தேன். அலமாரி நிறைய ரிப்பேருக்கு வந்த சாமான்கள். எதிலும் சீட்டு ஒட்டவில்லை. யாருடையது எது என்பதெல்லாம் உங்கள் தலையில்தானே இருந்தது.

திறந்த அன்றே நொச்சிக்குப்பத்திலிருந்து மீன் விற்கும் செல்வி வந்தாள். "யக்கா, என் தராசு இங்க கீதா? அண்ணன் ரெடி பண்ணி வெக்கிறேன்னுச்சு." எடுத்துக் கொடுத்தேன். விளக்கு எரிந்து எண் காட்டியது. செல்வி கண்ணைத் துடைத்துக்கொண்டு, "இன்னா மனுசன்க்கா" என்றாள். இதுதான், இவள்தான் என்று எனக்கு உடம்பே லேசானது. அந்த லேசு இரண்டு நாள்தான் நீடித்தது. பின்தெருவிலிருந்து தையல் வேலை செய்யும், ஆபா என்று எல்லாரும் கூப்பிடும் பாய் வீட்டு அக்கா வந்தார், தையல் மிஷின் மோட்டாருக்காக. அப்புறம் இட்லிக் கடை அம்மா கிரைண்டருக்கு வந்தார். உங்கள் வாக்கியம் ஒவ்வொருத்திக்கும் பொருந்தியது.

அடையாறுக்கே போய்க் கேட்டேன். அந்தப் பேச்சுப் பயிற்சிப் பெண் தயங்கினாள். "அவருக்கு சில நாள் அவன், அவ, நீ எல்லாமே மாறி வரும் மேடம். 'அவ'ன்னா பொம்பளைதான்னு சொல்ல முடியாது." யோசித்துவிட்டுச் சொன்னாள்: "உங்களையே சொல்லியிருக்கலாம்." எனக்கு நானே எதைக் கொடுத்துக்கொள்வது? வெளியே வந்து, பேருந்துக்கு நிற்காமல் மந்தைவெளிவரை வெயிலில் நடந்தேன்.

போன வாரம் வகுப்பில் பிரதிப்பெயர் நடத்தினேன். துணிக்கடையில் வேலை செய்யும் ஒரு பெண் எழுந்து கேட்டாள். "மேடம், 'இட்'னா எது, 'ஹெர்'னா யாருன்னு அதுக்கு முன்னாடியே சொல்லியிருக்கணும்ல?"

"ஆமாம்மா."

"சொல்லலன்னா தப்பா மேடம்?"

தப்பு என்றுதான் எப்போதும் சொல்லியிருக்கிறேன். அன்று வாய் வரவில்லை. "தப்பில்ல. கேக்கறவங்களுக்குத் தெரிஞ்சிருக்கும்னு நம்பிச் சொல்றது" என்றேன். அவள் அதை நோட்டில் எழுதிக்கொண்டாள். நான் பலகைப் பக்கம் திரும்பிக்கொண்டேன். ஆட்டோவில் நீங்கள் என்னைப் பார்த்தபடி இருந்தீர்கள். எனக்குத் தெரிந்திருக்கும் என்று எவ்வளவு நம்பியிருக்கிறீர்கள்!

வாடகைக் கடையைத் திரும்ப ஒப்படைத்தாகிவிட்டது. எல்லாவற்றையும் அவரவர் எடுத்துப் போய்விட்டார்கள். மிஞ்சியது உள்ளங்கை அளவு ரேடியோ ஒன்று. புது பேட்டரி போட்டுத் தயாராக வைத்திருந்தீர்கள். அக்கம்பக்கம் எல்லாரிடமும் கேட்டுவிட்டேன். யாரும் தன்னுடையது என்று சொல்லவில்லை.

அது இப்போது என் கைப்பையில் இருக்கிறது. பனகல் பூங்கா நிறுத்தத்தில் எந்தப் பெண்ணாவது என்னைக் கொஞ்சம் அதிகமாகப் பார்த்தால், என் கை பைக்குள் போய்விடுகிறது.