பட்டினி கிடந்து எழுதிய பரீட்சை

ஜூன் 4
தம்பிக்கு மட்டும்தான் சர்க்கரை என்று இருந்தோம். வீட்டில் எல்லாருக்கும் ரத்தம் எடுத்ததில், என் உடம்பும் இன்சுலின் சுரக்கும் என் செல்களோடு சண்டைக்கு நிற்கிறதாம். ஒரு அறிகுறியும் இல்லை. இன்றுகூட இரண்டு மாடி ஓடி ஏறினேன்!

"செல்லுங்க இப்போ எவ்வளவு வேலை செய்யுதுன்னு அளந்து பாத்துடலாம்" என்றார் டாக்டர். புதன்கிழமை சோதனை. வெறும் வயிற்றில் ஒரு சத்துப்பானம், பிறகு விட்டுவிட்டு ரத்தம் எடுப்பார்களாம்.

தம்பி ஊசி போடும்போது நான் எப்போதும்போல் வெளியே ஓடினேன். "போ போ, பயந்தாங்கொள்ளி!" என்று கத்தினான். ஒன்பது வயசு. என்ன திமிர்!

(அம்மா அவன் விரலைக் குத்திச் சர்க்கரை பார்க்க வருகிறாள். நான் போர்வைக்குள்.)

ஜூன் 6
சோதனை என்றால் பரீட்சைதானே? தயாராகாமல் போவேனா? சர்க்கரை ஏற்றும் சோறு, ரொட்டி, பிஸ்கட், எல்லாம் நிறுத்தியாச்சு. என் மதிய டப்பா பக்கத்து பெஞ்சு குண்டூசிக்கு (பட்டப்பெயர்தான்). அவளுடைய முட்டையும் வெள்ளரிக்காயும் எனக்கு. "உனக்கு தினமும் டெஸ்ட் வரட்டும்டி!" என்கிறாள்.

ஜூன் 8
பசி. கணக்கு வாத்தியார் வட்டம் வரைந்தார். எனக்கு பன் தெரிந்தது.

ஜூன் 10
மானம் போச்சு.

ரத்தம் எடுக்கும் அக்கா கேட்டார்: "மூணு நாளா எப்பவும்போல சாப்பிட்டியாமா?"

"சோத்த தொடவே இல்லக்கா!" பெருமை வேறு.

ஊசியைக் கீழே வைத்துவிட்டார். "அடக் கடவுளே! வேலையே குடுக்காம வெச்சிருந்தா செல்லுங்க மந்தமாயிடும், அளவு தப்பா வரும். போய் நல்லா சாப்பிட்டுட்டு அடுத்த வாரம் வா."

அம்மா திட்டவில்லை. அதுதான் பயம். பஸ்ஸில்தான் கேட்டாள்: "ஏன்டி இப்படிப் பண்ண?"

சொல்லிட்டேன். "அவனுக்கு வந்தப்ப பாத்ரூம்ல தண்ணியத் திறந்துவிட்டுட்டு அழுதியே. எனக்குக் கேட்டுச்சும்மா. எனக்கும் வந்துட்டா—"

கையைப் பிடித்தவள் இறங்கும்வரை விடவில்லை.

ஜூன் 14
மூன்று வேளையும் சோறு. அம்மா கரண்டியோடு காவல். குண்டூசி துக்கத்தில் இருக்கிறாள்.

ஜூன் 17
முடிந்தது! கையில் குழாய் செருகிவிட்டதால் ஒரே குத்துதான். பானம் உருகிப்போன ஐஸ்கிரீம் மாதிரி. தம்பிக்கு வயிற்றெரிச்சல்: "இவளுக்கு மட்டும் மில்க்‌ஷேக்கா?"

ஜூன் 25
செல்கள் இன்னும் நன்றாகவே சுரக்கின்றனவாம். ஆனால் சண்டை ஓயவில்லை. ஆறு மாதத்துக்கு ஒரு தடவை அளக்கணும்.

"எனக்குச் சர்க்கரை எப்ப வரும்?" என்றேன்.

"தெரியாதும்மா. ஆனா திடீர்னு வந்து பயமுறுத்த விடமாட்டோம். பாத்துட்டே இருப்போம்" என்றார் டாக்டர்.

சாப்பாட்டுக்கு முன் தம்பி ஊசி போட்டுக்கொள்ளச் சட்டையைத் தூக்கினான். நான் எழவில்லை.

"என்ன, ஓடலையா?"

"இல்ல. எங்க குத்தணும்னு காட்டு."

சந்தேகமாகப் பார்த்தான். பிறகு தொண்டையைச் செருமிக்கொண்டு, தொப்புளுக்குக் கொஞ்சம் தள்ளி விரலை வைத்தான். "இங்க. குத்திட்டு பத்து எண்ணணும், அப்புறம்தான் எடுக்கணும். உனக்கு வந்தா வேற ஊசிப் பேனா வாங்கிக்கோ. என்னோடத தரமாட்டேன்."

"சரிடா."

குத்தினான். பத்து வரை நான்தான் எண்ணினேன். கண்ணை மூடாமல்.