சீசாவில் ஒட்டின லட்சுமி

1934 மார்ச்சு 5, திங்கள்

காலையிலேயே வெயில். காற்று தோல் பதனிடும் ஷாப்புப் பக்கமிருந்து. சுண்ணாம்புக் குழி நாற்றமும் ஊறின பட்டை வாசனையும் சேர்ந்து வீட்டுக்குள். பழகிப்போன மூக்குக்கே இன்று தாங்கவில்லை.

குழந்தை தூங்கின நேரத்தில் மூன்று சீசா முடித்தேன்.

பச்சைச் சீசா: யானை.
கழுத்து நீண்டது (பிராந்திச் சீசா, பங்களா சமையல்காரர் எறிந்தது): ரயில் வண்டி.
சதுர மருந்துச் சீசா: தாமரை மேல் லட்சுமி.

படமெல்லாம் ஹமீதா கொடுத்தது. அடுத்த சந்து. அவள் வீட்டுக்காரர் ஜவுளிக்கடையில் துணி அளக்கிறவர். சீமைத் துணிச் சிப்பத்தின் மேல் ஒட்டி வருகிற டிக்கெட். கிழித்துத்தான் போடுவார்களாம். வெந்நீர் ஆவியில் காட்டினால் ஓரம் கிழியாமல் வருகிறது என்று அவளுக்குச் சொல்லிக்கொடுத்திருக்கிறேன்.

மைதாக் கஞ்சியில் மயில்துத்தம் ஒரு சிட்டிகை. இல்லாவிட்டால் பூச்சி அரிக்கும். காய்ந்தபின் வார்னிஷ் ஒரு பூச்சு.

ஜன்னல் பலகையில் வரிசையாக வைத்தேன். ஜன்னலுக்கு வெளியே ஷாப்புச் சுவரும் சாக்கடையும். இனி அதைப் பார்க்க வேண்டாம். லட்சுமியின் சேலை என்ன சிவப்பு. நம் பக்கத்தில் எந்தச் சாயத்திலும் அந்தச் சிவப்பு வராது.

கேழ்வரகு தீர்ந்தது. நாளைக்கு அரைக்க வேண்டும்.

மார்ச்சு 7, புதன்

உபதேசியார் வந்தார். (இனி உ. என்றே எழுதுவேன். முழுசாக எழுதினால் மை வீண்.) குருத்தோலை ஞாயிறு அன்று ஞானஸ்நானம் பெறும் குழந்தைகளின் பெயர் எழுத. மணை போட்டேன். உட்காரவில்லை. கண் ஜன்னலுக்குப் போய்விட்டது.

"இன்னாம்மா இது, வூட்ல சாமி படம்?"

"துணி டிக்கெட்டுங்க ஐயா. சீசாவுல ஒட்டியிருக்கேன்."

"பக்கத்துல பிராந்திச் சீசா வேற. கும்பிட்றியா?"

"சீசாவை யாருங்க கும்பிடுவாங்க?"

அவருக்குக் கோபம். "சுரண்டிப் போட்டுட்டுச் சொல்லியனுப்பு. அப்புறம்தான் பேர் எழுதுவேன்." பென்சிலைக் காதில் செருகிக்கொண்டு போய்விட்டார். குழந்தையை ஒரு முறை பார்க்கக்கூட இல்லை.

போட்ட மணையை எடுத்து மூலையில் வைத்தேன். 

நான் பிறந்த சேரியிலிருந்து பார்த்தால் கோயில் கோபுரம் தெரியும். தெருவுக்குள் விடமாட்டார்கள். தேர் வந்தால் வயலுக்கு அப்பால் நின்று பார்ப்போம். சாமி முகம் தெரியாது, பூ மட்டும் தெரியும். அப்பா கிறிஸ்து வேதத்தில் சேர்ந்தபின் தேர்ப் பக்கம் திரும்பினாலே அடி. இப்போது எங்கோ சீமையில் அச்சடித்த காகிதத்தில் அவளே என் வீட்டுக்கு வந்திருக்கிறாள். அவர்களும் பார்க்க விடவில்லை, இவர்களும் விடமாட்டேன் என்கிறார்கள்.

சுரண்டமாட்டேன்.

மார்ச்சு 9, வெள்ளி

என் வீட்டுக்காரர் ஷாப்பிலிருந்து வந்ததும் கை கழுவாமலே உட்கார்ந்துவிட்டார். செய்தி அங்கே போய்விட்டது. சுண்ணாம்புக் குழியில் கூட நிற்கிறவர்கள் கேலியாம். "ஒன் சம்சாரம் எப்போ தேங்கா ஒடைக்கப் போவுது?" என்று.

"சுரண்டிடேன். காகிதம்தானே" என்றார்.

"காகிதம்தானே. அதுக்கு அவரு ஏன் பயப்படறாரு?"

"பாப்பாவை நெனச்சுப் பாரு."

 களி அப்படியே ஆறிப்போனது. மூடி வைத்தேன். காலையில் கரைத்துக் குடித்தோம், தனித்தனியாக.

மார்ச்சு 11, ஞாயிறு

மிஷன் கோயிலில் உ. பிரசங்கம். விக்கிரகம், விக்கிரகம், விக்கிரகம். பேர் சொல்லவில்லை. சொல்லவும் தேவையில்லை, பெண்கள் பாய் முழுக்க என் பக்கம் திரும்பியது. பின்னால் ஒருத்தி: "படிச்ச திமிரு." மிஷன் பள்ளிக்கூடத்தில் ஐந்தாவது வரைக்கும் படித்ததற்கு இவ்வளவு பெரிய பேர்.

தலை குனியவில்லை. பாட்டு வந்தபோது எல்லாரையும்விட உரக்கப் பாடினேன். சுருதி தப்பியிருக்கும். இருக்கட்டும்.

மார்ச்சு 13, செவ்வாய்

ஹமீதா வந்தாள், மடியில் புது டிக்கெட்டுகள். வாணியம்பாடியில் அவள் தங்கைக்கு நிக்காஹ். அலமாரியில் வைக்க இரண்டு சீசா வேண்டுமாம். முகம் இருக்கிற படம் கூடாது. ரோஜாக் கொத்து, கப்பல் இரண்டையும் பொறுக்கிவைத்தோம்.

"எங்க வூட்லயும் உருவப்படம் வெக்க மாட்டோம். அதுக்காவ ஒன் வூட்டுக்கு வராம இருக்கனா?" என்றாள்.

"அப்போ உபதேசியார்கிட்ட நீயே சொல்லேன்."

"வேணாம்மா, எனக்கு அந்தப் பேஜார். நீ ஒருத்தி போதும் சண்டைக்கு." சிரித்தாள். நானும். இந்த வாரத்தில் முதல் சிரிப்பு. போகும்போது மட்டும் மெதுவாக, "ஒன் வூட்டுக்காரரு மொகம் வாடிக் கெடக்குது. பாத்துக்கோ" என்றாள்.

மார்ச்சு 16, வெள்ளி

எழுதக் கஷ்டமாக இருக்கிறது. எழுதிவிடுகிறேன்.

கிணற்றிலிருந்து வந்தேன். இவர் தரையில். ஷாப்பிலிருந்து கொண்டுவந்த, தோல் மயிர் சுரண்டுகிற கத்தியால் லட்சுமியைச் சுரண்டப் பார்த்திருக்கிறார். வார்னிஷ் விடவில்லை. அழுத்தினதில் சீசா கையிலேயே உடைந்துவிட்டது. ஏற்கெனவே சுண்ணாம்பு தின்ற கை. உள்ளங்கையில் ஆழமாக. குடத்தை இறக்கி வைத்தேனா போட்டேனா தெரியாது. பழைய சேலையைக் கிழித்துக் கட்டினேன்.

திட்டலாம் என்றுதான் வாயைத் திறந்தேன். அதற்குள் இவர் அழுதுவிட்டார்.

"இதுவும் பேரில்லாம போய்ட்டா இன்னா பண்ணுவ?"

முதல் குழந்தை. ஆண். பிறந்த வாரத்திலேயே போனது. உ. அப்போது கிராமங்களுக்குப் போயிருந்தார், தண்ணீர் தெளிக்க ஆள் இல்லை. ஞானஸ்நானம் இல்லாத பிள்ளைக்குக் கல்லறைத் தோட்டத்தில் இடம் இல்லை என்று மதிலுக்கு வெளியே, கருவேல மரத்தடியில். இவர்தான் குழி வெட்டினார். அந்தப் பக்கம் போகும்போதெல்லாம் இவர் மறுபக்கம் பார்த்து நடப்பார். எனக்குத் தெரியும்.

நான் மறந்துவிட்டேன் என்று நினைத்தாரா?

"அன்னிக்கு நம்ம வூட்ல ஒரு படமும் இல்ல" என்றேன். "சொவரு வெறுஞ்சொவரா இருந்துச்சு. அப்பவும் நம்ம புள்ளய வெளியதான் போட்டாங்க."

 இவர் கட்டாத கையால் சீசாத் துண்டுகளைப் பொறுக்க ஆரம்பித்தார்.

மார்ச்சு 17, சனி

ஹமீதா கொடுத்ததில் இன்னொரு லட்சுமி இருந்தாள். புதுச் சீசா, உருண்டையானது. ஒட்டினேன். அதே இடத்தில் வைத்தேன். இவர் பார்த்தார். 

காயத்துக்கு மஞ்சளும் வேப்பெண்ணெயும். ஷாப்பு வேலை சில நாளைக்கு இல்லை.

மார்ச்சு 19, திங்கள்

பாதிரியாரிடம், பெரிய ஐயரிடம், நானே போனேன். ரயில் பாதை தாண்டி நடை. ஒரு இடுப்பில் பாப்பா, பையில் சீசா. மறைத்துப் பேசுவது எனக்கு வராது. மேசை மேல் வைத்துவிட்டேன்.

ஐயர் கண்ணாடியை மாட்டிக்கொண்டு திருப்பித் திருப்பிப் பார்த்தார். நல்ல மனுஷர்தான். வயசானவர், மூச்சு வாங்குகிறது.

"இத வெச்சி ஜெபம் பண்றியா?"

"இல்லீங்க ஐயா. பாக்கறேன்."

"எதுக்கு?"

"அழகா இருக்கு. எங்க வூட்டு ஜன்னலுக்கு வெளிய சாக்கடைதான் இருக்கு."

முதல் குழந்தையைப் பற்றியும் சொன்னேன். கருவேல மரம் பற்றியும். அவர் அந்த நேரத்தில் கண்ணாடியைக் கழற்றிவிட்டார். பிறகு சொன்னார்: "ஞாயித்துக்கெழம வரைக்கும் பொட்டில வெச்சிடும்மா. ஞானஸ்நானம் முடியட்டும். அதுக்கப்புறம் யாரு வந்து பாக்கப் போறாங்க?"

ஆசை வந்தது. ஆமாம், வந்தது. எவ்வளவு சுலபம்.

"ஒளிச்சி வெச்சா நான் தப்பு பண்ணேன்னு ஆவும் ஐயா. பண்ணல."

"ரொம்பப் பிடிவாதம் ஒனக்கு." கண்ணாடியை மறுபடி மாட்டிக்கொண்டு, "வூட்டுக்குப் போ. வெயில் ஏறுது" என்றார். ஆமென்றும் இல்லை, இல்லையென்றும் இல்லை.

வழியில் பாப்பா பையை இழுத்துக்கொண்டே வந்தாள். மோர் வாங்கிக் குடித்தேன். கால் கொப்புளம்.

மார்ச்சு 22, வியாழன்

இவர் கை ஆறி வருகிறது. சாப்பிடும்போது தானாகவே, "ஞாயித்துக்கெழம போவோம். கூப்ட்டா கூப்டறாங்க, இல்லாட்டி திரும்பி வரோம்" என்றார். ஜன்னலைக் காட்டி, "அத எதுவும் பண்ண வேணாம்."

பாப்பாவின் சட்டைக்கு நாடா தைத்தேன். வெள்ளை நூல் தீர்ந்துபோய் கடைசித் தையல் நீலத்தில்.

மார்ச்சு 25, குருத்தோலை ஞாயிறு

கூட்டம். புழுக்கம். ஓலை வாசனை.

உ. குழந்தைகளின் பேர் படித்தார். எங்கள் பேர் இல்லை. மற்றத் தாய்மார் எழுந்து முன்னால் போனார்கள். நானும் எழுந்தேன்.  போய் அவர்களோடு வரிசையில் நின்றேன். பின்னால் செருப்பில்லாத கால் சத்தம். திரும்பாமலே தெரிந்தது, இவர்தான்.

உ. ஐயரிடம் குனிந்து, எல்லாருக்கும் கேட்கிற மாதிரி, "இவங்க பேர் எழுதல" என்றார். "வூட்ல படம் இருக்கு."

ஐயர் தண்ணீரிலிருந்து கையை எடுக்கவில்லை. "படத்தக் கொழந்த ஒட்டலியே" என்றார். என்னைப் பார்த்து: "பேர் இன்னாம்மா?"

"ரூபி."

தண்ணீர் பட்டதும் பாப்பா கோயிலே அதிரக் கத்தினாள். கத்தட்டும். எழுதிவிட்டேன்: ரூபி. ரூபி. ரூபி. இனி இவளை யாரும் மதிலுக்கு வெளியே போட முடியாது.

ஆராதனை முடிந்ததும் ஐயர் கூப்பிட்டார். தனியாக. குரலில் கடுமை, கண்ணில் இல்லை. பிள்ளைக்கு உண்டு. எனக்கு, அந்தப் படம் வீட்டில் இருக்கிற வரைக்கும், நற்கருணை இல்லை. சபை ஒழுங்கு. மூப்பர்கள் கேட்டால் அவர் பதில் சொல்ல வேண்டுமாம்.

"புரியுதா?"

"புரியுதுங்க ஐயா."

"எடுத்துடுவியா?"

"இல்லீங்க ஐயா."

மார்ச்சு 28, புதன்

உ. வந்தார், சபைப் புத்தகத்தில் ரூபி பேரை ஏற்ற. வாசலிலேயே நின்றார். உள்ளே வாங்க என்றேன், வரவில்லை. முகத்தை ஜன்னலுக்கு எதிர்ப்பக்கம் வைத்துக்கொண்டே எழுதினார். ரூபிக்குச் சின்ன ரவா பெரிய றவா என்று கேட்டார். சொன்னேன்.

ரோஜாச் சீசாவும் கப்பல் சீசாவும் ஹமீதா வாங்கிப் போனாள். அத்தர் ஒரு துளி கொடுத்தாள்.

ஏப்ரல் 1, ஈஸ்டர்

விடியலில் லேசாக மேகம். மழை இல்லை.

கடைசி வரிசையில் உட்கார்ந்தேன். இவர் ஆண்கள் பக்கம் போகாமல் என் பக்கத்தில் சுவரோரமாக. ரூபி மடியில். நற்கருணை அப்பத்துக்கும் திராட்சரசத்துக்கும் அழைத்தார்கள். வரிசை வரிசையாக எல்லாரும் எழுந்து முன்னால் போனார்கள். தரை காலியானது. நாங்கள் மட்டும்.

இவருக்குத் தடை ஒன்றும் இல்லை.

"நீங்க போங்க" என்றேன்.

"கால் மரத்துப் போச்சு" என்றார். எழவில்லை.