கயிற்றின் கடைசி ஆள்

அன்பு மகனுக்கு அம்மா எழுதுவது. நீயும் மருமகளும் சௌக்கியமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன். இங்கே எல்லோரும் நலம் என்று எழுதத்தான் உட்கார்ந்தேன், என் இடது விலா எலும்பு ஒத்துக்கொள்ளவில்லை. பதறாதே, உடையவில்லை, கீறல்தான்.

ஆஸ்பத்திரி ஊழியர் விளையாட்டுப் போட்டியில் எங்கள் சலவைப் பிரிவுப் பெண்கள் கயிறு இழுத்தோம். கயிற்றின் கடைசியில் நான். "உங்க வெயிட்டுக்கு ஒரு வேலை கிடைச்சிருச்சுக்கா" என்று கிண்டல் செய்தார்கள், செய்யட்டும். கையால் இழுப்பதைவிடக் காலால் தரையை உதைப்பதில்தான் விஷயமே இருக்கிறது. ஈரத் தரையில் துணி வண்டியைத் தள்ளினால் வண்டி அப்படியே நிற்கும், நம் செருப்புதான் பின்னால் வழுக்கிக்கொண்டு போகும், தினமும் பார்க்கிறேனே. அதனால் எல்லோரையும் செருப்பைக் கழற்றி, குதிகாலை மண்ணில் புதைத்து நிற்கச் சொன்னேன். எதிரே சமையற்கட்டுப் பெண்கள், அங்குலம் அங்குலமாக எங்கள் பக்கம் வந்துகொண்டிருந்தார்கள், சட்டென்று கயிறு அவர்கள் கையை விட்டுப் போய்விட்டது. பின்னால் சாய்ந்திருந்த எங்களை அப்புறம் யார் பிடிப்பது? வரிசையாக விழுந்தோம், எல்லோருக்கும் அடியில் நான். ஜெயித்தது என்னவோ நாங்கள்தான். வேண்டுமென்றே விட்டுவிட்டார்கள் என்று நம் ஆட்கள் சண்டைக்குப் போனார்கள். மறுநாள் தலைமைச் சமையற்காரி வீட்டுக்கே வந்து, "சத்தியமா வேணும்னு விடலக்கா" என்று அழுதாள். உள்ளங்கை தோல் உரிந்து சிவந்திருந்தது. கடைசிவரை பிடித்திருந்தவளுக்குத்தான் அப்படி உரியும். அதோடு என் கோபம் போயிற்று.

டாக்டர் படுத்தே இருக்கச் சொல்லிவிட்டார். படுக்கவா முடிகிறது? எழுந்தால் அப்பா முறைக்கிறார், தும்மினால் உயிர் போய் வருகிறது. பிடிவாதம் பிடித்து இறுதிப் போட்டியைப் பார்க்க டாக்சியில் போனேன். வழியில் திடீர் பிரேக், வண்டி நின்றது, நான் நிற்கவில்லை, பெல்ட் இல்லாவிட்டால் முன் சீட்டில் மோதியிருப்பேன். நீ பின் சீட்டில் பெல்ட்டே போடுவதில்லையாமே, மருமகள் சொன்னாள். ஒழுங்காகப் போடு. மைதானத்தில் என் இடத்தில் இஸ்திரி போடுகிறவள் நின்றாள், ஒல்லி என்பதால் அவளுக்குக் குச்சி என்றே பெயர். கம்பம் மாதிரி நிமிர்ந்து நிற்கிறாள். "சாய்டி குச்சி, சாய்!" என்று கத்தினேன், விலா பிடித்துக்கொண்டது. தோற்றுப்போனோம். அதுகூடப் பரவாயில்லை. மேற்பார்வையாளர் பக்கத்தில் வந்து, "இனிமே வண்டி தள்ள வேணாம்மா, உக்காந்து துணி மடிச்சாப் போதும்" என்றார். நல்ல மனசோடுதான் சொன்னார், அன்றிலிருந்து எனக்கு இருப்புக்கொள்ளவில்லை. நிரம்பிய வண்டியைக் கிளப்புவது ஒரு பாடு என்றால் ஓடுகிறதை நிறுத்துவது இரண்டு பாடு. சுவரில் இடிக்காமல் அதை வளைவில் திருப்ப அங்கே என்னை விட்டால் ஆள் கிடையாது. நான் உட்கார்ந்து மடிப்பதா?

இன்று அப்பா கடைக்குப் போனதும் துணி அலமாரியைத் தள்ளிப் பார்த்தேன். முதலில் அசையவில்லை. கதவு நிலையில் காலை ஊன்றி இன்னொரு தள்ளு தள்ளினேன். வலித்தது, ஆனால் நகர்ந்தது. இப்போது அது ஒரு சாண் தள்ளி நிற்கிறது, அப்பா வருவதற்குள் பழைய இடத்துக்குக் கொண்டுபோக வேண்டும், அதனால் இத்துடன் முடிக்கிறேன். நீங்கள் இருவரும் நோய்நொடி இல்லாமல் நீண்ட நாள் நன்றாக இருக்க வேண்டும். போனில் அப்பாவிடம் மூச்சு விட்டுவிடாதே.

உன் அம்மா