ஃபோர்க்லிஃப்டுக்கு ரொட்டி பாயின் ஹார்ன்

அனுப்புநர்:
மு. குகன், ஸ்டோர் கிராணி,
மற்றும் தொழிலாளர்கள்,
ரப்பர் கிடங்கு, சுங்கை ரம்பாய்.

பெறுநர்:
வேலையிடப் பாதுகாப்பு அதிகாரி அவர்கள்,
மலாக்கா.

பொருள்: ஃபோர்க்லிஃப்டின் பழைய ஹார்னைத் திரும்பப் பொருத்தக் கோருதல்.

மதிப்புக்குரிய ஐயா,

1. எங்கள் கிடங்கின் நிர்வாகம் சென்ற மாதம் முழுக் குழுவாகக் கூடி, தேநீரும் கறிபாப்பும் பரிமாறப்பட்ட பின், ஏழு ஒலிகளைக் கேட்டு ஆராய்ந்து, ஃபோர்க்லிஃப்டின் ஹார்ன் இனி "பீம்-பாம்" என்று ஒலிக்க வேண்டுமென ஒருமனதாக முடிவு செய்தது. பழைய ஹார்ன் வருகையாளர்களைத் திடுக்கிட வைக்கிறது என்பது காரணம். அது உண்மைதான். அதற்காகத்தான் அது இருந்தது.

2. புதிய ஒலி இனிமையானது. அதில் எங்களுக்குக் குறை இல்லை. ஆனால் அது ரொட்டி பாய் ஜைனுதீனுடைய மோட்டார் சைக்கிளின் ஒலி. தினமும் காலைத் தேநீர் வேளையில் அவர் ரொட்டி விற்க எங்கள் கேட்டுக்கு வருவார். அவருக்கு முன் அவர் தகப்பனார் இதே ஒலியுடன் சைக்கிளில் எங்கள் தோட்டத்து லயத்து வீடுகளுக்கு வந்தார். கேட்டதும் ஓடுவோம். முதலில் போய்ச் சேர்பவருக்குக் காயா எனும் தேங்காய்ப்பால் ஜாம் தடவிய ஓரத்துண்டு இலவசம். எப்போதும் பெரியநாயகி அக்காதான் முதல். இக்கிடங்கில் கூட்டும் வேலை பார்க்கும் அவரே இன்றும் முதல். தோட்டம் விற்கப்பட்டது, லயம் இடிக்கப்பட்டது, ரப்பர் மட்டும் கட்டிகளாக எங்கள் பின்னாலேயே இங்கு வந்து சேர்ந்தது. அது தவிர அந்தக் காலத்தில் மிஞ்சியது இந்த ஒலிதான்.

3. ஃபோர்க்லிஃப்டில் முன்னால் நீண்டிருந்த இரும்புக் கைகளுக்குப் பதில் இப்போது கிளாம்ப் பொருத்தியிருக்கிறார்கள். இரண்டு தகடுகள் ரப்பர் கட்டிகளை இருபுறமும் அணைத்துத் தூக்கும். தூக்கியபின் ஓட்டுநர் ஜெயமணிக்கு எதிரே ரப்பரைத் தவிர எதுவும் தெரியாது. அப்போது பின்னோக்கி ஓட்ட வேண்டும் என்பது விதி. பின்னோக்கி ஓட்டினால் தாமதம் என்பது நிர்வாகத்தின் கருத்து. ஆகவே அவர் மூலைக்கு மூலை ஹார்ன் அடிக்கிறார். ஒதுங்க வேண்டிய நாங்கள் சில்லறையோடு எதிரே வருகிறோம். "ரொட்டி இல்லக்கா, நான்தான் லா, ஓரம் போங்க" என்று கத்துவது இப்போது அவருக்குப் பாதி வேலை. "அப்ப எதுக்குடா கூப்பிட்ட?" என்பது அக்காவின் கேள்வி.

4. நிர்வாகத்திடம் முறையிட்டோம். உடனடி நடவடிக்கையாக, ஜைனுதீன் இனி கேட்டுக்கு வரக்கூடாது என்று தடை விதிக்கப்பட்டது. ஹார்ன் மாறவில்லை. இப்போது அந்த ஒலி கேட்டால், தடை நீங்கிவிட்டதென்று நினைத்து முன்னிலும் வேகமாக வருகிறோம்.

5. இதுவரை எவருக்கும் அடிபடவில்லை. அதனால்தான் இப்போதே எழுதுகிறோம். பழைய ஹார்னைத் திரும்பப் பொருத்தவும், சுமை பார்வையை மறைக்கும்போது பின்னோக்கியே ஓட்டவும் தாங்கள் உத்தரவிட வேண்டும். ரொட்டி பாயையும் அனுமதித்தால் அந்த ஒலி உரியவரிடமே இருக்கும். எங்களுக்கும் எந்தப் பக்கம் நடப்பது என்று தெரியும்.

மலாய்ப் பிரதி இணைக்கப்பட்டுள்ளது. "பீம்-பாம்" மட்டும் மொழிபெயர்க்கப்படவில்லை.

தங்கள் உத்தரவை எதிர்நோக்கும்,
மு. குகன்
ஜெயமணி
பெரியநாயகி (ரேகை)

இடம்: சுங்கை ரம்பாய்
நாள்: 17.6.2025

குறிப்பு: கையெழுத்துகள் 19ஆம் தேதி பெறப்பட்டன. பெரியநாயகிக்கு வலது கையில் மாவுக்கட்டு போட்டிருப்பதால், இடது கைப் பெருவிரல் ரேகை வைத்துள்ளார்.