மயில் தைத்த கோஸ்டர்

3 நவம்பர் 1996

மாத இதழில் பார்த்த கோஸ்டரை இன்று செய்து பார்த்தேன். காலண்டர் அட்டையை வட்டமாக வெட்டி, மேட்டித் துணியில் பூ தைத்து, மைதாப் பசையால் ஒட்டினால் ஆயிற்று. அதன்மேல் டம்ளரை வைப்பார்களாம். மாமியார் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "டவரா இருக்கறச்சே இது எதுக்குடி?" என்றார். பொழுது போக வேண்டாமா என்றேன்.

பொய். என் வீட்டுக்காரர் கணேஷ்ராமுக்கு டி.பி. போன வாரம் அரக்கோணத்தில் சொல்லியிருக்கிறார்கள். தெரிந்தவர் யாராவது பார்த்துவிட்டால் என்னாவது என்று, டாக்டர் பேசி முடிப்பதற்குள் மாத்திரையை வாங்கிக்கொண்டு எழுந்து வந்துவிட்டாராம். மலைக்கோயில் மடப்பள்ளியில் இடுப்பு வலி என்று லீவு. "அம்மாவுக்குத் தெரிஞ்சா மலை முழுக்கத் தெரிஞ்சுடும். அப்புறம் நான் கரண்டியைத் தொட முடியாது" என்கிறார். தலைமுறை தலைமுறையாக மலைமேல் பிரசாதம் செய்கிற குடும்பம். இவருக்கு வேறு என்ன தெரியும்?

எச்சில் வழியாகத்தானே ஒட்டும்? இவர் டம்ளர் தனியாக இருக்க வேண்டும். தனியாக இருப்பது தெரியவும் கூடாது. அதனால் ஆளுக்கொரு டம்ளர், ஆளுக்கொரு கோஸ்டர்.

9 நவம்பர்

மாமியாருக்குத் தாமரை. எனக்கு மாங்காய். எங்கள் பெண் ஸ்னேகாவுக்குக் கிளி. இவருக்கு மயில் — தோகை முழுக்கச் சங்கிலித் தையல், நடுநடுவே குட்டிக் கண்ணாடி.

"முருகன் வாகனம்டி. அது மேலயா எச்சில் டம்ளரை வெப்பா?" என்றார் மாமியார். இனி அதன் பக்கம் போக மாட்டார். எனக்கு வேண்டியதும் அதுதான்.

மயில்தான் வேண்டும் என்று ஸ்னேகா புரண்டு அழுதாள். நாலு வயதுக் குழந்தைக்கு என்ன சொல்லிப் புரியவைப்பது? முதுகில் ஒன்று வைத்தேன். தேம்பிக்கொண்டே அப்பா மார்மேல் ஏறிப் படுத்துத் தூங்கிப்போனாள்.

22 நவம்பர்

மயில் டம்ளரை மட்டும் கொதிக்கிற தண்ணீரில் கழுவுகிறேன். யாரும் கவனிக்கவில்லை.

14 டிசம்பர்

பனி. இவருக்கு இருமல் அடங்கவில்லை. மாத்திரை வயிற்றைப் புரட்டுகிறது என்று ஒருநாள் விழுங்கினால் இரண்டு நாள் விட்டுவிடுகிறார். சொன்னால் கோபம். பனிக்காற்று ஆகாது என்று மாமியார் ஜன்னல் இடுக்கிலெல்லாம் துணியைத் திணித்துவிட்டார். இருப்பது ஒரு அறை. கதகதப்பாகத்தான் இருக்கிறது. ஸ்னேகா இவர் போர்வைக்குள்.

7 பிப்ரவரி 1997

ஸ்னேகாவுக்குச் சாயங்காலமானால் காய்ச்சல். கழுத்தில் நெறி கட்டியிருக்கிறது. சோறு இறங்கவில்லை.

கிளி டம்ளரைத் தவிர வேறெதிலும் அவளைக் குடிக்க விட்டதில்லையே. கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு பார்த்தேனே. முருகா, வேறு ஏதாவதாக இருக்கட்டும்.

21 பிப்ரவரி

அரக்கோணம் போனோம். அவளுக்கும் அதுதான்.

டம்ளர், கோஸ்டர், வெந்நீர் எல்லாவற்றையும் டாக்டரிடம் ஒப்பித்தேன். "டம்ளர்ல வராதும்மா. இருமினா காத்துல பரவும். பாப்பா எங்க படுக்குது?" என்றார். இவர் தலையைக் குனிந்துகொண்டார். நர்ஸம்மாதான் கேட்டாள்: "ஜன்னல மூடிகினு, அப்பாகூடவே படுக்க வச்சிகினா இருந்தீங்க?"

ஆமாம். அப்படித்தான் இருந்தோம். டம்ளரைக் காவல் காத்தேன், பெண்ணை விட்டுவிட்டேன். பாவி நான்.

22 பிப்ரவரி

மாமியாரிடம் சொல்லிவிட்டோம். கத்துவார் என்று நினைத்தேன். எழுந்து போய் ஜன்னல் துணிகளை ஒவ்வொன்றாகப் பிடுங்கிப் போட்டார்.

இவரே மலைக்குப் போய் உண்மையைச் சொல்லிவிட்டு வந்தார். மடப்பள்ளியில் இவர் முறை இனி சித்தப்பா மகன் சாய்கிருஷ்ணனுக்கு.

10 ஏப்ரல்

ஸ்னேகா எலும்பும் தோலுமாகக் கிடக்கிறாள். டாக்டர் இன்னும் ஒன்றும் உறுதியாகச் சொல்லவில்லை.

இன்று இரண்டாவது மயில் தைத்து முடித்தேன். பச்சை நூல் போதவில்லை, தோகை சின்னதாகிவிட்டது. இவர் டம்ளருக்குப் பக்கத்தில் அவள் டம்ளரையும் அதன்மேல் வைத்து, இருவர் மாத்திரையையும் எடுத்து வைத்தேன்.

மயிலை விரலால் தடவிக்கொண்டே இருந்தாள். "அன்னிக்கு அழுதேன், குடுக்கலை. இன்னிக்கு நான் அழவே இல்லையே. ஏம்மா குடுத்தே?" என்றாள்.

மாத்திரையைப் போட்டுக்கோ என்றேன்.