கப்பல் மாமா அனுப்பிய புத்தகங்கள்

மார்ச் 3

கப்பல் மாமா வந்திருக்கிறார். அம்மாவின் தம்பி. கப்பலில் மெக்கானிக்காக இருந்தவர், ஓய்வு பெற்ற பிறகுதான் எங்களைத் தேடி வர நேரம் கிடைத்திருக்கிறது. அம்மா போன பிறகு என் பிறந்தநாள் தவறாமல் கதைப் புத்தகம் அனுப்பியவர். எனக்குப் படிக்கிற பைத்தியம் பிடித்ததே அவரால்தான். அலமாரியைக் காட்டினேன்.

"எல்லாம் நீங்க அனுப்பினது மாமா."

"நானா?" என்றார்.

அதற்குள் சித்தி — அம்மாவுக்குப் பிறகு அப்பா கட்டிக்கொண்டவள் — "டீ ஆறிடும், வாங்கண்ணே" என்று அவரை அடுப்படிக்குக் கூட்டிப்போய்விட்டாள். என்ன அவசரம்?

மார்ச் 4

மறதியா? கப்பல் கப்பலாகப் பெயர் சொல்கிறார், ஒவ்வொரு கேப்டனின் வசவும் ஞாபகம் இருக்கிறது. புத்தகம் மட்டும் மறக்குமா?

மார்ச் 5

பஸ் ஏற்றிவிடும்போது கேட்டேன்.

"அக்கா போனப்புறம் நான் யாருக்கும் ஒண்ணும் அனுப்பல கண்ணு. உன் மூஞ்சியப் பாக்கவே தெம்பில்ல. குடிச்சுக்கிட்டுத் திரிஞ்சேன்."

அப்புறம் யார்? நான் வேலை பார்க்கும் மருந்துக் கடையில் இன்று ஒரே மருந்துச் சீட்டைத் திருப்பித் திருப்பிப் பார்த்தேன். முதலாளி முறைத்தார்.

மார்ச் 7

சித்தி வெளியே போனதும் புத்தகங்களை இறக்கிப் புரட்டினேன். எல்லாவற்றிலும் ஒரே புத்தகக் கடையின் முத்திரை. சித்தி வேலை பார்த்த சலவைக் கடைக்குப் பக்கத்துக் கடை. இவ்வளவு நாளும் கண்ணில் பட்டும் கருத்தில் படவில்லை.

அப்பாவாக இருக்குமோ? இருக்காது. உயிரோடு இருந்தவரை ஊருக்கே சொல்லித் தீர்த்திருப்பார். சித்தி என்றால் ஏன் மறைக்க வேண்டும்? நல்ல பேர் சும்மா வரும்போது யார் வேண்டாம் என்பார்கள்? ஒரு புத்தகத்தில் கடைசிப் பக்கங்கள் இல்லை — அவள்தான் வேண்டுமென்றே கிழித்தாள் என்று அப்போதே அவளோடு பேசாமல் கிடந்தேன். ஏதோ இருக்கிறது.

மார்ச் 8

கேட்டேவிட்டேன். சித்தி துணி மடித்துக்கொண்டிருந்தாள்.

"மாமா அனுப்பினாருன்னு ஏன் சித்தி பொய் சொன்னீங்க?"

"என் கையால எது குடுத்தாலும் நீ தொட மாட்ட. நான் தச்ச கவுன ஜன்னல் வழியா வீசின. மாமா பேரச் சொன்னா வாங்கிக்கிட்ட. சரி, இப்படியே போகட்டும்னு விட்டுட்டேன்."

"அந்தக் கடைசிப் பக்கங்கள்?"

மடித்த துணியை உதறி மறுபடி மடித்தாள்.

"எதையும் படிச்சுப் பாத்துட்டுத்தான் குடுப்பேன். அதுல முடிவுல அம்மா செத்துப்போறா. அது வரைக்கும் நல்ல கதை. கடையில திருப்பிக் குடுக்க மனசு வரல, அந்தப் பக்கங்கள மட்டும் கிழிச்சுட்டேன்."

பிறகு அவளே, "கொடுமைக்கார சித்தி வர்ற கதைய மட்டும் கடையிலயே வச்சுட்டு வந்துடுவேன். அது எனக்காக" என்று சிரித்தாள்.

எனக்குச் சிரிக்க வரவில்லை. அழவும் வரல. இத்தனை வருஷமா என்னத்தடி பாத்துக்கிட்டிருந்த?

மார்ச் 9

எழுத ஒன்றும் ஓடவில்லை.

மார்ச் 15

கடை விடுமுறை. கட்டிலில் சாய்ந்து நாவல் படித்துக்கொண்டிருந்தேன். சித்தி வந்து பக்கத்தில் உட்கார்ந்தாள், சும்மா உட்கார்வது போல. மெல்ல என் தோளுக்கு மேலாக எட்டிப் பார்த்தாள். நான் தள்ளி உட்காரவில்லை. பக்கத்தைத் திருப்பப் போனேன்.

"இரு, நான் இன்னும் முடிக்கல" என்றாள்.

காத்திருந்தேன்.