மறுபடி வரையாத திரை

நாள் 30 | 08:00
காற்று சரி. மின்சாரம் சரி. நிலவின் தென்துருவ நிலையத்தில் ஆட்கள் இருவர்: துளைப்பொறியாளர் சாகுல் அமீது, கணினிகளைப் பார்க்கும் நான், இசக்கியம்மாள். பள்ளத்தின் விளிம்பிலுள்ள ஆன்டெனா பன்னிரண்டாம் நாள் பழுதானதிலிருந்து பூமியோடு பேச்சு இல்லை.

எல்லாக் கருவிகளையும் யுனிக்ஸ் என்ற இயங்குதளம் ஓட்டுகிறது. நாங்கள் பார்ப்பதும் தொடுவதும் மட்டும் ஒரு நிறுவனத்தின் உரிமத் திரைச்சூழல். முப்பது நாளுக்கொரு முறை அது பூமியிடம் அனுமதி கேட்கும். இன்று கேட்கும்.

நாள் 30 | 08:47
கேட்டது. பதில் இல்லை. திரையின் ஜன்னல்கள் எல்லாம் சாம்பல் நிறமாகிவிட்டன. கருவிகள் ஓடுகின்றன. என்ன செய்கின்றன என்று பார்க்க வழி இல்லை.

நாள் 30 | 15:20
நினைவட்டையில் கொண்டுவந்திருந்த கட்டற்ற திரைச்சூழலை ஏற்றினேன். முகம் தெரியாத பலர் ஓய்வு நேரத்தில் எழுதியது. யாரும் எடுக்கலாம், திருத்தலாம். நிறுவனத் திரையின் பொத்தான், பட்டியல் எல்லாவற்றையும் அப்படியே செய்து வைத்திருக்கிறார்கள். நம் கருவிகளுக்குப் பொருந்தாத இடங்களில் நானே நிரல் எழுதி ஒட்டுப் போட்டேன். காற்றின் அளவு காட்டும் பலகை திறந்தது.

துளைக்கூடத்திலிருந்து சாகுல் அண்ணன்: "ஏ பிள்ளை, கோட்டு போட்டவன் நூறு பேரு செஞ்சத நீ ஒரு மத்தியானத்துல செஞ்சுபுட்டியே! தொடர்பு வரட்டும், ஊரு பூரா சொல்லுதேன்."

நான் மட்டும் செய்ததல்ல என்று சொல்லியிருக்க வேண்டும்.

நாள் 33 | 11:30
ஒரு பிழை. ஜன்னல் மேல் இன்னொரு ஜன்னல் கிடந்தால், அடியிலிருப்பது மறுபடி வரையப்படுவதில்லை. மேலே கிடந்ததை எடுத்த பிறகும் பழைய எண்ணே நிற்கிறது. சொடுக்கினால்தான் மாறுகிறது. எழுதியவர்கள் தெரிந்த குறைகளை ஒரு கோப்பில் கூச்சமில்லாமல் பட்டியலிட்டிருக்கிறார்கள். அதில் இது இல்லை. என் ஒட்டில் வந்தது.

எங்கள் வீட்டில் பட்டம் வாங்கிய முதல் ஆள் நான். தப்பு செய்துவிட்டேன் என்று சொல்ல இன்னும் பழகவில்லை. திருத்திவிட்டுச் சொல்லிக்கொள்ளலாம்.

நாள் 35 | 10:05
அண்ணன் திறந்த வண்டியில் ஆன்டெனாவுக்குக் கிளம்பினார். போக இரண்டு மணி நேரம், வர இரண்டு. காற்று உருளை 92 சதவீதம், ஆறு மணி நேரத்துக்குப் போதும். இங்கிருந்து அந்த எண்ணை அவர் விண்வெளி உடுப்புக்கு அனுப்பினேன். அவர் மணிக்கட்டு மானி அதிலிருந்துதான் கழித்துக்கொண்டே போகும்.

பிழை இன்னும் திருத்தவில்லை.

நாள் 35 | 12:11
மதிய அளவு குறிக்கத் துளைப்பான் ஜன்னலை நகர்த்தினேன். அடியில் உருளை நிரப்பும் பலகை. சொடுக்கினேன். 92 போய் 41 வந்தது.

92 நேற்று நிரப்பிய வேறு உருளையின் எண். இன்று குழாய் பாதியில் அடைத்திருக்கிறது.

நாள் 35 | 12:14
சொன்னேன்.

"அண்ணே, உருளை பாதிகூட நிரம்பல. திரையில பழைய எண்ணு நின்னுட்டுது. உடனே திரும்புங்க."

"ரெண்டு மணி நேரப் பாதை பிள்ளை. எம்புட்டு இருக்கு?"

"அரை மணி நேரம்."



"சரி. அதுக்குள்ள ஆன்டெனா வேலை முடிஞ்சிரும். இசக்கி, இதுக்கு முன்னாடி இப்படி ஆச்சா?"

"இல்லண்ணே."

"அப்பன்னா உன் தப்பு இல்ல. அழாத. வேலையப் பாக்க விடு."

நாள் 35 | 12:43
"கம்பி மாட்டியாச்சு. பாரு, வருதா?"

வந்தது. வந்துவிட்டது என்றேன். மூன்று முறை சொன்னேன். பதில் இல்லை.

நாள் 35 | 12:52
இதைக் கண்டெடுப்பவருக்கு: 33ஆம் நாளே எனக்குத் தெரியும். சாகுல் அமீதுக்குத் தெரியாது. அவரிடம் நான் கடைசியாகச் சொன்ன பொய் மேலே இருக்கிறது. அழிக்க வேண்டாம்.

நாள் 35 | 12:55
கூப்பிட்டேன். பூமி: "ஆகா, குரல் கணீர்னு கேக்குதும்மா! யாரு சரி பண்ணது, சாகுல் சாரா? அவரை மைக்குக்கு வரச் சொல்லு. இருபத்துமூணு நாளா அவங்க வீட்டம்மா இங்கேயேதான் இருக்காங்க. இந்தா, பேசுறாங்க."

நாள் 35 | 12:56
"யாரு, இசக்கியா? நல்லா இருக்கியாம்மா? உன்னையப் பத்தி அவுக சொல்லாத நாளு கெடையாது. அவுக சாப்பிட்டாகளா?"

நாள் 35 | 12:57
பேசும் பொத்தானை அழுத்திவிட்டேன். அந்தப் பக்கம் காத்திருக்கிறார். நான்